முண்டாக்களின் நிலமும் பாதிரிமார் பணியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று சில நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். சங்க இலக்கியத்தின் பெருமையைப் பற்றியும், இராஜராஜன் எடுப்பித்த பெரிய கோயிலைப் பற்றியும் எழுதவல்ல அறிஞர் பலர் நம்மிடையே இருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் எழுத்தராக வந்து சேர்ந்த எனக்கு அத்தகைய புலமை இல்லை. ஆகவே, நாம் எந்த மண்ணில் குடியிருந்து பிழைக்கின்றோமோ அந்த மண்ணின் வரலாற்றில் ஒரு பகுதியை, நான் படித்தும் கேட்டும் அறிந்த அளவில், எடுத்துரைக்கத் துணிந்தேன்.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. எங்கள் அலுவலகத்தில் பணியாற்றும் முண்டா நண்பர் ஒருவர், தம் தமையனாரின் நில விவகாரம் ஒன்றிற்காக மனு எழுதித் தரும்படி கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்சுக்கு வந்தார். கையோடு கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய தாள் ஒன்றை எடுத்து, கிழிந்துவிடுமோ என்று அஞ்சுவார்போல மெல்ல விரித்தார். அதனை இப்பக்கத்தார் ‘கதியான்’ என்பர். நம் ஊர்ப் பட்டாவும் அடங்கலும் ஒன்றாய்ச் சேர்ந்தாற்போன்ற ஆவணம் அது. அதில் அவருடைய முன்னோர் ‘முண்டாரி கூண்ட்கட்டிதார்’ என்று பதிவாகியிருந்தனர்.

“பாபு, இந்த ஒரு தாள் இருப்பதனால்தான் எங்கள் ஊர் இன்னும் எங்கள் ஊராக இருக்கிறது” என்றார்.

“இதை உங்களுக்குப் பெற்றுத் தந்தவர் யார்?” என்று கேட்டேன்.

“பிர்ஸா பகவான்” என்றார், சிறிதும் தயங்காமல்.

அவர் கூறியது உண்மையே. ஆயினும், அதன் பிறகு நான் இப்பகுதியின் வரலாற்று நூல்களைத் தேடிப் படித்தபோது, அந்தத் தாளுக்குப் பின்னால் இன்னும் சிலர் நிற்பதை அறிந்தேன். அவர்களுள் ஒருவர், பிர்ஸாவின் தொண்டர்கள் அம்பு எய்த மிஷன் வளாகத்தில் இருந்த ஒரு ஜெர்மானியப் பாதிரியார். என் நண்பரோ கிறிஸ்தவர் அல்லர். முன்னோர் வழிபட்ட சர்ணாத் தோப்பை வணங்கி வருபவர். நானும் கிறிஸ்தவ சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். இருந்தும் இவ்வரலாறு நம் அனைவருக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றேன்.

நிலமும் கல்லும்

சக்ரதர்ப்பூரிலிருந்து பேருந்தில் இராஞ்சிக்குச் சென்றவர்கள், தேபோ மலைப்பாதையையும், அதன் பின் வரும் பந்த்காவ்ன், முர்ஹு, கூண்டி ஆகிய ஊர்களையும் கண்டிருப்பர். சால மரக் காடும், படிப்படியாக இறங்கும் நெல்வயலும், செம்மண் வீடுகளும் நிறைந்த அந்நிலமே முண்டாக்களின் தாயகம். காட்டை முதன்முதலில் வெட்டித் திருத்தி ஊர் அமைத்த குடும்பத்தின் வழித்தோன்றல்கள் அனைவரும் அவ்வூர் நிலத்துக்குக் கூட்டு உரிமையாளர் என்பது அவர்களுடைய மரபு. இவ்வுரிமைக்கே கூண்ட்கட்டி என்று பெயர். நிலம் தனியொருவர் விற்பதற்கு உரிய பொருள் அன்று. அது முன்னோரிடமிருந்து வந்து பின்னோருக்குச் செல்வது.

இறந்தவரின் எலும்புகளை ஊரிலுள்ள தம் குலத்து இடுகாட்டில் வைத்து, மேலே பெரிய கற்பலகையைச் சாத்துவது முண்டாக்களின் வழக்கம். அவ்விடத்தைச் ‘சாசன்’ என்பர். தங்கள் பட்டா அந்தச் சாசன் கல்லே என்று அவர்கள் சொல்வதுண்டு. நம் மொழியில் வழங்கும் சாசனம் என்னும் சொல்லோடு இதற்கு உறவு உண்டு என்று நான் கூற வரவில்லை. எனினும், நடுகல் நட்டு வழிபட்ட மரபில் வந்த நமக்கு அக்கல்லின் பொருள் எளிதில் விளங்கும்.

ஆனால் நீதிமன்றத்துக்கு அது விளங்கவில்லை. சோட்டா நாக்பூர் மகாராஜாக்கள் தங்கள் உறவினர்க்கும் பிற மாகாணங்களிலிருந்து வந்தோர்க்கும் ஊர்களை ஜாகீராக அளித்தனர். அவர்கள் அவ்வூர்களை டிகாதார் எனப்படும் குத்தகைதாரர்களிடம் விட்டனர். முன்னாளில் விரும்பி அளித்த காணிக்கை இப்போது வாரமாக மாறியது. வாரம் போதாதென்று வெட்டிவேலையும் வாங்கினர். ‘பேத் பேகாரி’ என்று இதற்குப் பெயர். மறுத்தவன்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடந்த மொழியோ முண்டாவுக்குத் தெரியாத மொழி; கேட்கப்பட்டதோ அவனிடம் இல்லாத காகிதம்.

வெளியிலிருந்து வந்து தங்களைச் சுரண்டிய இத்தகையோரை முண்டாக்கள் ‘திக்கு’ என்றனர். நம் மொழியில் திசையைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது. 1831–32ஆம் ஆண்டுகளில் எழுந்த கோல் கிளர்ச்சி, இத்திக்குகளுக்கு எதிராக எழுந்ததே. அது படைகொண்டு அடக்கப்பட்டது. நிலத்தை இழந்தவர்கள் கல்கத்தாவுக்குக் கூலிகளாகச் சென்றனர். பின்னர் ஆள் பிடிப்போரின் வலையில் வீழ்ந்து அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் போயினர். அதே நூற்றாண்டில் நம்மவர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கதையை அறிந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மிஷனும் சர்தார்களும்

கல்கத்தா வீதிகளில் வேலை செய்த இந்தக் கூலிகளைக் கண்டு, இவர்கள் எந்த நாட்டார் என்று விசாரித்தே பாதிரிமார்கள் இப்பக்கம் வந்தனர் என்று கூறுவர். பெர்லின் நகரத்துக் காஸ்னர் என்பவர் அனுப்பிய ஜெர்மன் லுத்தரன் பாதிரிமார் நால்வர், 1845ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இராஞ்சியை அடைந்தனர். ஐந்தாண்டுகள் சென்ற பின்னரே, 1850இல், முதன்முதலாகச் சிலர் அவர்களிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அதன்பின் எண்ணிக்கை வளர்ந்தது.

பள்ளியில் எழுதப் படிக்கக் கற்ற குடியானவன் தன் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். ஜமீன்தார்களுக்கு இது பிடிக்கவில்லை. 1858ஆம் ஆண்டளவில் ‘சர்தார் போராட்டம்’ என்று வழங்கும் நீண்ட கிளர்ச்சி தோன்றிற்று. அதன் தலைவர்களாகிய சர்தார்களுள் கிறிஸ்தவர் பலர். அவர்கள் ஆயுதம் ஏந்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனுவுக்குமேல் மனுவாக, இராஞ்சிக்கும் கல்கத்தாவுக்கும், கடல் கடந்து இலண்டனுக்கும் எழுதிக்கொண்டேயிருந்தனர். அரசாங்கம் 1869இல் ஒரு சட்டம் இயற்றி, பழங்குடிகளின் நிலத்தில் ஒரு பகுதியை அளந்து பதிவுசெய்தது. அப்பணி 1880இல் முடிந்தது. ஆனால் கூண்ட்கட்டி என்னும் கூட்டுரிமைக்கு அச்சட்டத்தில் இடமில்லை.

மனு எழுதியே காலங்கழிக்கும் எழுத்தன் என்ற முறையில் எனக்கு அந்தச் சர்தார்களின்மீது தனி மதிப்பு உண்டு. பதில் வராத மனுவை ஒருமுறை எழுதுவதே துன்பம். அவர்கள் ஒரு தலைமுறைக் காலம் எழுதினர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்கலாகாது. நிலம் மீளும் என்ற நம்பிக்கையோடு சபையில் சேர்ந்தவர் பலர். பாதிரிமாருள் சிலர் அந்த நம்பிக்கையால் சபை வளர்வதைக் கண்டு மகிழ்ந்தனர். சர்தார்களின் கோரிக்கை அரசாங்கத்துக்கு எரிச்சலூட்டும் அளவுக்கு முற்றியபோதோ, ஜெர்மன் மிஷன் அவர்களைக் கைவிட்டது. நம்பி வந்தவர்கள் மனக்கசப்புடன் விலகினர்.

லீவன்ஸ் பாதிரியார்

இந்நிலையில் 1885ஆம் ஆண்டு இப்பகுதிக்கு வந்தவர் கான்ஸ்டன்ட் லீவன்ஸ். இவர் பெல்ஜியம் நாட்டில் மூர்ஸ்லேட் என்னும் ஊரில் 1856இல் பிறந்த இயேசு சபைத் துறவி. அவ்வாண்டு நவம்பரில் தோர்ப்பா என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். மக்களுக்கு முதன்மையான துன்பம் எது என்று கேட்டறிந்தபோது, நில வழக்கே என்று விடை வந்தது. லீவன்ஸ் முண்டாக்களின் வழக்காறுகளையும் அரசாங்கத்தின் நிலச் சட்டங்களையும் ஒருங்கே கற்றார். சட்டப்படி செலுத்த வேண்டிய வாரத்தைத் தவறாமல் செலுத்துங்கள். செலுத்தியதற்கு ரசீது கேளுங்கள். சட்டத்தில் இல்லாத வெட்டிவேலைக்கு உடன்படாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தார். வழக்கு வந்தால் இராஞ்சி நீதிமன்றத்துக்கு அவர்கள் தனியே செல்லாதவாறு துணை நின்றார்.

கேட்பதற்கு இது சிறு செயலாகத் தோன்றும். ஆனால் ரசீது என்பது எவ்வளவு பெரிய கருவி என்பதை நம்மைப்போன்ற அலுவலகத்தார் நன்கு அறிவர். ஒரே வாரத்தை ஆண்டுக்கு இருமுறை கேட்ட டிகாதாரின் முன்னே ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டிய குடியானவன், அன்று முதன்முறையாக நிமிர்ந்து நின்றிருப்பான்.

இதன் விளைவாகச் சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரவர் லீவன்ஸின் சபையில் சேர்ந்தனர். ஜமீன்தார்கள் கொதித்தெழுந்தனர். வழக்கு உதவியைக் காட்டி ஆள் சேர்க்கிறார் என்று அவரைக் குற்றஞ்சாட்டினர். குற்றச்சாட்டு சுயநலத்தால் எழுந்ததே ஆயினும், அதில் சிறிதும் உண்மை இல்லை என்று கூறிவிட முடியாது. நீதியும் ஞானஸ்நானமும் ஒரே வாசலில் கிடைத்தால், வந்தவன் எதற்காக வந்தான் என்பதை யார் பிரித்தறிவது? காசநோய் பற்றிய லீவன்ஸ் 1892இல் தாயகம் திரும்பி, 1893 நவம்பர் 7ஆம் நாள் லூவன் நகரில் காலமானார். வயது முப்பத்தேழு. இப்பகுதியில் அவர் உழைத்தது ஏறத்தாழ ஏழு ஆண்டுகளே.

அவர் உழைத்த அந்த ஆண்டுகளில்தான், 1887இல் அமைந்த பெங்கால் நாக்பூர் இரயில்வே இக்காடுகளை ஊடறுத்துப் பாதையிட்டு, 1891இல் நாக்பூரை ஆசன்சோலோடு இணைத்தது. நம் முன்னோடிகளை இங்கே கொண்டுவந்து சேர்த்த பாதை அது. வெளியார் வருவதற்கும் அதுவே வழியாயிற்று.

பிர்ஸாவின் எழுச்சி

பிர்ஸா முண்டா 1875ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தவர். அவருடைய குடும்பம் லுத்தரன் சபையில் சேர்ந்திருந்தது. 1886 முதல் 1890 வரை, நமக்கு அண்மையிலுள்ள சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் பயின்றார். மிஷன் சர்தார்களைக் கைவிட்ட காலம் அது. சர்தார்களை இழித்துரைத்தது இளைஞர் பிர்ஸாவின் நெஞ்சில் தைத்தது. பள்ளியையும் சபையையும் விட்டு வெளியேறினார். அதிகாரியாயினும் பாதிரியாயினும் வெள்ளையர் தலையில் இருப்பது ஒரே தொப்பிதான் என்னும் பேச்சு அந்நாளில் முண்டாக்களிடையே பரவியது.

1895இல் பிர்ஸா தம் மக்களிடையே தெய்வ அருள் பெற்றவராகத் தோன்றினார். அவ்வாண்டே சிறைப்பட்டு, இரண்டாண்டு தண்டனைக்குப் பின் வெளிவந்தார். 1899 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், ‘உல்குலான்’ என்னும் பேரெழுச்சி வெடித்தது. ஆங்காங்கே மிஷன் கட்டடங்கள்மீது அம்புகள் பாய்ந்தன. சர்வாதா என்னும் ஊரிலிருந்த கத்தோலிக்க மிஷனும் தாக்கப்பட்டது. அங்கே இருந்தவர் ஜான் பாப்டிஸ்ட் ஹாப்மன் பாதிரியார். அவர் உயிர் தப்பினார்.

1900 ஜனவரி 9ஆம் நாள் சைல் ரகாப் குன்றில் கூடியிருந்த முண்டாக்கள்மீது அரசாங்கப் படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. பலர் மாண்டனர். பிப்ரவரி 3ஆம் நாள், நம் சக்ரதர்ப்பூர் வட்டாரக் காட்டில் பிர்ஸா பிடிபட்டார். அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் இராஞ்சி சிறையிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கு.

ஹாப்மன் செய்தது

எழுச்சி அடங்கியது, அரசாங்கத்தின் அச்சம் அடங்கவில்லை. காரணத்தை நீக்காவிடில் இன்னொரு பிர்ஸா தோன்றுவான் என்பதை அதிகாரிகள் உணர்ந்தனர். இராஞ்சி மாவட்டத்தில் 1902இல் நில அளவையும் உரிமைப் பதிவும் தொடங்கின. ஆனால் முண்டாக்களின் கூட்டுரிமையைச் சட்ட மொழியில் எப்படி எழுதுவது? யார் எந்தக் குலத்தார், எந்த ஊர் யாரால் வெட்டித் திருத்தப்பட்டது, ஊர்த்தலைவனுக்கு உரிய பங்கு எது, வழிவந்த குடிக்கு உரியது எது என்பவற்றை அறிந்தவர் அரசாங்கத்தில் இல்லை.

அறிந்தவர் ஹாப்மன். 1857இல் ஜெர்மனியில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி, முண்டாரி மொழியைப் பேச மட்டுமன்றி அதற்கு இலக்கணம் எழுதவும் வல்லவராக இருந்தார். அந்நூல் 1903இல் வெளிவந்தது. ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டு மரபுகளைக் குறித்து வைத்திருந்தார். லிஸ்டர் என்னும் அரசாங்க அதிகாரியோடு சேர்ந்து, முண்டாக்களின் நிலமுறை பற்றி விரிவான குறிப்பு ஒன்றை எழுதி அரசாங்கத்திடம் அளித்தார். 1903இல் குத்தகைச் சட்டம் திருத்தப்பட்டு, கூண்ட்கட்டி உரிமை முதன்முறையாகச் சட்டத்தில் ஏறியது. 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் முழுமையாக வெளிவந்தது.

இச்சட்டம் கூண்ட்கட்டி ஊர்களைத் தனி அத்தியாயத்தில் வைத்துக் காத்தது. பழங்குடியினரின் நிலம் எளிதில் கைமாறாதபடி தடை செய்தது. வெட்டிவேலையைக் கணக்கிட்டுப் பணமாக மாற்றி ஒழிக்க வழி வகுத்தது. பின்னாளில் செய்யப்பட்ட திருத்தங்களோடு, மாவட்டத் துணை ஆணையரின் அனுமதியின்றிப் பழங்குடியினரின் நிலத்தை விற்க இயலாது என்னும் விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. என் நண்பரின் தகரப் பெட்டியிலிருந்த தாள், இச்சட்டத்தின் வழியாகவே பிறந்தது.

ஹாப்மன் பிர்ஸாவை ஆதரித்தவர் என்று யாரும் எண்ணிவிடலாகாது. அவ்வெழுச்சியை அரசாங்கம் அடக்கவேண்டும் என்ற கருத்தே அவருக்கு இருந்தது. ஆனால் தம் இருப்பிடத்தின்மீது அம்பு எய்தவர்களின் சினத்துக்குக் காரணம் நிலமே என்பதை அவர் மறுக்கவில்லை. அவர்களுடைய வழக்கில் நியாயம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பிர்ஸா எழுந்திராவிடில் அரசாங்கம் கேட்டிராது. ஹாப்மன் போன்றோர் எழுதியிராவிடில், கேட்ட அரசாங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரிந்திராது. ஆகவே என் நண்பரின் விடையும் சரியே, நூல்கள் கூறுவதும் சரியே.

இங்கே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1908ஆம் ஆண்டுச் சட்டம், ‘நீ கோயிலுக்குச் செல்பவனா, சர்ணாவை வணங்குபவனா?’ என்று எந்த முண்டாவையும் கேட்கவில்லை. அம்பு எய்தவனின் மகனுக்கும் அதே உரிமை; கிறிஸ்தவனின் மகனுக்கும் அதே உரிமை. லீவன்ஸின் உதவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. முன்னது பெரும்பாலும் தம்மை நாடி வந்தோர்க்குக் கிடைத்தது. பின்னது நாடி வராதவர்க்கும், எதிர்த்து நின்றவர்க்கும் கிடைத்தது.

1909இல் ஹாப்மன் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். வட்டிக்காரனிடம் நிலம் போகாமல் குடியானவர்களே தங்கள் சேமிப்பிலிருந்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொள்ளும் அமைப்பு அது. பயன் மிகப் பெரிது; ஆனால் அதன் பெயரே கூறுவதுபோல, அது ஒரு சபையாரின் சங்கமாக இருந்தது. முதல் உலகப்போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்னும் காரணத்தால் ஹாப்மன் 1915இல் நாடு கடத்தப்பட்டார். பல்லாண்டுக் காலம் பழகிய மக்களைப் பிரிந்து சென்ற அவர், தாயகத்திலிருந்தபடியே முண்டாரிக் கலைக்களஞ்சியத்தை எழுதிக்கொண்டிருந்து, 1928இல் காலமானார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் பல தொகுதிகளாக வெளிவந்தது.

சபையிலிருந்து சட்டமன்றத்துக்கு

மிஷன் பள்ளிகளில் படித்த தலைமுறை, பாதிரிமாரை எதிர்பாராமல் தாமே பேசத் தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி ‘சோட்டா நாக்பூர் உன்னதி சமாஜ்’ என்னும் சங்கம் தோன்றியது. கிறிஸ்தவப் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் அதில் முன்னின்றனர். 1928இல் சைமன் கமிஷனிடம் தங்கள் பகுதிக்குத் தனி நிர்வாகம் வேண்டுமென்று விண்ணப்பம் அளித்தனர். ஆனால் லுத்தரன், ஆங்கிலிகன், கத்தோலிக்கர் என்று சபைக்கொரு சங்கமாகப் பிரிந்து நின்றதால், அவர்களின் குரல் வலுப்பெறவில்லை.

1938இல் இந்நிலை மாறியது. கிறிஸ்தவரும் அல்லாதவருமாகிய பழங்குடியினர் ஒரே அமைப்பில் கூடி, ஆதிவாசி மகாசபையைத் தோற்றுவித்தனர். 1939 ஜனவரியில் அதன் தலைமையை ஏற்றவர் ஜெய்பால் சிங் முண்டா. கூண்டிப் பகுதியில் ஒரு முண்டா குடும்பத்தில் பிறந்து, இராஞ்சி புனித பவுல் பள்ளியில் பயின்று, பாதிரியார் ஒருவரின் உதவியால் ஆக்ஸ்போர்டு சென்றவர் அவர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கிக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவரும் அவரே. நம் காலனி மைதானத்தில் ஹாக்கி ஆடும் பிள்ளைகள் இப்பெயரை நினைவில் வைத்தல் நன்று.

1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஜெய்பால் சிங் எழுந்து பேசியபோது, தாம் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கூறிக்கொள்ளவில்லை. ஆதிவாசிகள் அனைவரின் சார்பிலும் பேசினார். 1950இல் அவர் அமைத்த ஜார்க்கண்ட் கட்சி, 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களை வென்றது. 1963இல் அக்கட்சி காங்கிரசோடு இணைந்தபோது தொண்டர் பலர் மனமுடைந்தனர். எனினும் தனி மாநிலக் கோரிக்கை அணையவில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், பிர்ஸா பிறந்த நாளிலேயே, ஜார்க்கண்ட் மாநிலம் உதயமாயிற்று.

1908ஆம் ஆண்டுச் சட்டமும் பழங்கதையாகிவிடவில்லை. விவசாய நிலத்தைப் பிற காரியங்களுக்குப் பயன்படுத்த வழிசெய்யும் திருத்தங்களை 2016ஆம் ஆண்டு நவம்பரில் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, சர்ணா வழிபாட்டினரும் கிறிஸ்தவ சபையாரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நாளில் ஆளுநராகவும், 2022இல் குடியரசுத் தலைவராகவும் ஆன திரௌபதி முர்மு அவர்கள், 2017இல் அம்மசோதாவைத் திருப்பியனுப்பினார். அரசும் அதனைக் கைவிட்டது.

இப்பணியில் நம் தமிழ்நாட்டாரின் பெயரும் கலந்துள்ளது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, இராஞ்சியை அடுத்த நாம்கும்மில் தங்கி, பழங்குடியினரின் நிலவுரிமைக்காகவும் விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய இளைஞர்களுக்காகவும் பல்லாண்டு உழைத்தார். 2020 அக்டோபரில் பீமா கோரேகாவ்ன் வழக்கில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். வழக்கின் விசாரணை தொடங்குமுன்னரே, ஜாமீன் கிடைக்காத நிலையில், 2021 ஜூலை 5ஆம் நாள் மும்பை மருத்துவமனையில் காலமானார். வயது எண்பத்துநான்கு. வழக்கைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. நம் ஊரிலிருந்து வந்த ஒருவர் இந்த மண்ணின் மக்களோடு இறுதிவரை நின்றார் என்பதை மட்டும் பதிவு செய்கின்றேன்.

நாம் கற்க வேண்டுவது

சமயப் பற்றுடையோர் சமூக நீதிக்காகப் பாடுபடுவதும், அதன் வழியே அரசியலில் இடம்பெறுவதும் எல்லா நாட்டிலும் உண்டு. அது நன்மையா தீமையா என்று பொதுவாக விவாதிப்பதைக் காட்டிலும், நம் கண்ணெதிரே உள்ள இந்த வரலாற்றைக் கொண்டு அளந்து பார்ப்பது நலம் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே சபையை வளர்க்கும் கருவியாக நீதி பயன்பட்டபோது, மனக்கசப்பு விளைந்தது. பிர்ஸாவைப் போன்ற மாணவனை அது பகைவனாக்கிற்று. சபை எல்லையைத் தாண்டி எல்லார்க்கும் உரியதாக நீதி செய்யப்பட்டபோது, அது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது. உன்னதி சமாஜத்துக்கும் ஆதிவாசி மகாசபைக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதனையே காட்டுகின்றது.

நமக்கும் இதில் பாடம் உண்டு. நாம் இங்கே வெளியார். முண்டாரி மொழியில் வெளியாருக்கு வழங்கும் பெயரை மேலே சொன்னேன். அந்தப் பெயர் நம்மைக் குறிக்குமா, குறிக்காதா என்பது நம் பிறப்பைப் பொறுத்ததன்று, நடத்தையைப் பொறுத்தது. நம் சங்கம் தமிழ் வகுப்பு நடத்துகிறது, பொங்கல் கொண்டாடுகிறது, நம்மவருக்கு இடர் வந்தால் கைகொடுக்கிறது. இவையெல்லாம் வேண்டியவையே. இவற்றோடு, அண்டை ஊர்க்காரனுக்கு ஒரு மனு எழுதித் தருவதும், அவன் பெற வேண்டிய ரசீதைக் கேட்டுப் பெறச் சொல்லித் தருவதும் நம் சங்கப் பணியின் பகுதியாக அமையலாம் அன்றோ? நம் பிள்ளைகள் அண்டை வீட்டாரின் மொழியில் பத்துச் சொல்லாவது கற்றுக்கொள்ளலாம். ஹாப்மன் பாதிரியார் தொடங்கியதும் அங்கேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நண்பருக்கு மனுவை எழுதிக் கொடுத்தேன். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். புறப்படுமுன் கூலி எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். மறுவாரம் அவருடைய ஊரிலிருந்து ஒரு சுரைக்காயும் ஒரு படி அவலும் வந்து சேர்ந்தன. விவகாரம் இன்னும் துணை ஆணையர் அலுவலகத்தில் இருக்கின்றது. அடுத்த ஆண்டு மலருக்குள் நல்ல முடிவு வரும் என்று நம்புகின்றேன்.